சிக்குக் கோலத்தை மரத்தில் அறுக்க ஸ்க்ரோல் சா வாங்கலாமா?

தோப்புக்காரன், பட்டுக்கோட்டை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இழைப்புளி பிடிக்கத் தெரியும். ஸ்டூல், அலமாரித் தட்டு வரை செய்வேன். 2018 கஜா புயலில் எங்கள் கொல்லைப் பலாமரம் வேரோடு சாய்ந்தது. அதை மில்லில் அறுத்துப் பரணில் அடுக்கிய பலகைகள் அப்படியே இருக்கின்றன. அம்மா மார்கழியில் வாசலில் போடுகிற சிக்குக் கோலங்களை ஒரு நோட்டில் வரைந்து வைத்திருக்கிறார். அதில் ஒன்றைப் பலாவில் அறுத்துப் பூஜை அறைக் கதவில் பதிக்க ஆசை.

ஊர் ஆசாரி ஜிக்சாவே (கையில் பிடித்து ஓட்டுகிற மின்வாள்) போதும் என்கிறார். ஸ்க்ரோல் சா (மேசையில் பலகையை நகர்த்தி நுணுக்கமான வளைவு அறுக்கிற மின்வாள்) பற்றித் தேடினால் பின் (முனையில் குறுக்கே நிற்கிற சின்ன ஊசி) வைத்த பிளேடு, பின் இல்லாத பிளேடு என்று இரண்டு வகை சொல்கிறார்கள். எதை வாங்குவது? பலா இதற்குச் சரிப்படுமா? எதை அறுத்துப் பழகுவது?

கமலாலயக்கரை, திருவாரூர்:

மிஷினுக்குப் பணம் போடும் முன் கையால் அறுத்துப் பாருங்கள். பத்தர்கள் தகடு அறுக்கிற வாளைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரிச் சட்டம், ஆனால் ஆழம் கூடுதலாக, மரத்துக்கென்று வருகிறது. பிரெட் சா என்று கேட்டால் கொடுப்பார்கள். ஸ்க்ரோல் சாவுக்கு வருகிற 5 அங்குல பின் இல்லாத பிளேடுதான் இதற்கும். பின்னால் மிஷின் வாங்கினாலும் பிளேடு வீணாகாது.

மகாமகக்குளத் தெரு, கும்பகோணம்:

தம்பி, ஜிக்சாவில் உங்கள் கோலம் வராது. அதன் பிளேடு ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கும், அகலமும் அதிகம். பெரிய வளைவு வரும், புள்ளியைச் சுற்றித் திரும்புகிற வளைவு வராது. ஸ்க்ரோல் சாவில் பிளேடு மேலும் கீழும் இழுத்துக் கட்டியிருப்பதால்தான் நூல் மாதிரிப் பிளேடு போட்டும் அறுக்க முடிகிறது.

வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது பின் இல்லாத பிளேடைப் பிடிக்கிற கிளாம்ப் இருக்கிறதா என்பதைத்தான். மோட்டார் எல்லாம் அப்புறம். கோலத்தில் ஒவ்வொரு கட்டமும் உள்ளே அறுக்க வேண்டியது. துளை போட்டு, பிளேடைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்ட வேண்டும். பின் வைத்த பிளேடு நுழைய 4, 5 எம்எம் துளை வேண்டும். சின்னக் கட்டத்தில் அந்தத் துளையே கோட்டைத் தின்றுவிடும். பின் இல்லாததற்கு 1.5 எம்எம் போதும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதியும் இருக்கட்டும். பிளேடு நிமிடத்துக்கு 400 முதல் 1600 முறை வரை ஏறி இறங்குகிற மிஷின்கள் கிடைக்கின்றன. 16 அங்குலம் என்று போட்டிருந்தால் பிளேடுக்கும் பின்னால் உள்ள தூணுக்கும் இடையே அவ்வளவு இடம் என்று அர்த்தம். பூஜை அறைக் கதவுப் பலகைக்கு அது தாராளம்.

பிளேடு 3-ம் நம்பரும் 5-ம் நம்பரும் ஒவ்வொரு டஜன் வாங்குங்கள். ரிவர்ஸ் பல் உள்ளதாகக் கேளுங்கள். அடிப்பக்கம் சில பற்கள் மேல்நோக்கி இருக்கும், அதனால் பலகையின் அடியில் பிசிர் குறையும். பல் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி, விரலால் மீட்டினால் கணீரென்று கேட்கும் அளவுக்கு இறுக்குங்கள். தொய்வாக இருந்தால் வளைவில் பிளேடு வயிறு தள்ளி, மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக அறுபடும்.

பழக 6 எம்எம் பிளைவுட் துண்டு போதும். நேர்கோடு ஒன்று போட்டு அறுங்கள், பிளேடு வலப்பக்கம் இழுக்கும். பயப்பட வேண்டாம், மிஷினில் கோளாறு இல்லை. பிளேடு செய்யும்போதே ஒரு பக்கம் பிசிர் கூடுதலாக நின்றுவிடுகிறது. பலகையை மேசையில் படுத்தபடியே சற்றுக் கோணலாகத் திருப்பித் தள்ளினால் கோடு நேராகும். கை அதைத் தானாகச் செய்யும் வரை கோலத்துக்குப் போகாதீர்கள். முனை வரும் இடத்தில் தள்ளுவதை நிறுத்திப் பலகையை மட்டும் திருப்புங்கள். பக்கவாட்டில் அழுத்தவே கூடாது.

இப்போது கோலம். கோட்டையே அறுக்க நினைத்தால் வளையம் வளையமாக எல்லாம் கழன்று விழும். சிக்குக் கோலத்தின் கோடுகள் ஒன்றையொன்று கடந்து மூடிக்கொள்கிறவை. அதனால் கோட்டை மரமாக விட்டு, நடுவில் உள்ள கட்டங்களை எடுங்கள். கோடுகள் வெட்டிக்கொள்கிற ஒவ்வொரு இடமும் ஒரு மூட்டாகி, முழுக் கோலமும் ஒரே துண்டாக நிற்கும். நம் வாசலில் இருக்கிற வடிவம் இந்த வேலைக்கு இவ்வளவு பொருந்துவது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம். உள்கட்டங்களை முதலில், வெளிவிளிம்பைக் கடைசியில் அறுங்கள். வெளியே முதலில் அறுத்தால் கையால் பிடிக்க மரம் இருக்காது.

பலா அருமையான மரம். தஞ்சாவூர் வீணையே அதில்தான் குடைகிறார்கள். புதிதில் மஞ்சள், வருடம் போகப்போகப் பழுப்பு. ஆனால் பிளைவுட் அல்லாத தனிமரத்தில் ஒரு சிக்கல் உண்டு. நாருக்குக் குறுக்கே ஓடுகிற மெல்லிய கோடு பட்டென்று முறியும். கோட்டை 6 எம்எம்முக்குக் குறையாமல் வையுங்கள். பலகையை 12 எம்எம்முக்கு இழைத்துக்கொண்டு, கோலத்தைப் புள்ளி வரிசை நாரோடு போகும்படி ஒட்டிப் பாருங்கள். பல கோலங்களில் நீளமான கோடுகள் சாய்வாகத்தான் ஓடும், அவை அப்போது நாருக்கு நேர் குறுக்கே வராது. தாளின் மேல் பார்சல் டேப் ஒட்டி அறுத்தால் மரம் கருகாது.

மூக்குக்கு என்95 முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. இதில் சமரசமே கிடையாது. இந்தத் தூள் மாவாக இருக்கும்.

கடற்கரைச் சாலை, நாகப்பட்டினம்:

அக்கா சொன்னதோடு ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் காற்றே ஈரம். மிஷினின் இரும்பு மேசையில் வேலை முடிந்ததும் மெழுகு தேய்த்து வையுங்கள், இல்லையென்றால் துரு பிடித்துப் பலகை நகராது. பரணில் இருந்த பலகையில் பொடி உதிர்கிற சின்னத் துளைகள் இருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கலாம், அந்தத் துண்டை ஒதுக்குங்கள். கதவில் பதிக்கும்போது சுற்றிலும் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும்.

தோப்புக்காரன், பட்டுக்கோட்டை:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, கட்டங்களை எடுத்தால் நடுவில் உள்ள புள்ளிகளும் போய்விடுமே? புள்ளி இல்லாமல் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்.

மகாமகக்குளத் தெரு, கும்பகோணம்:

போய்விடும் தம்பி, புள்ளியைப் பிடிக்க அங்கே மரம் இல்லை. பின்னால் ஒரு 6 எம்எம் பிளைவுட்டைக் கறுப்பாகச் சாயமிட்டு ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் கோலத்தை அதன் மேல் வைத்து, புள்ளி இடங்களைப் பென்சிலால் குறித்து, உருண்டைத் தலைப் பித்தளை ஆணிகளை அடியுங்கள். பின்பக்கம் நீட்டிக்கொண்டு வரும் முனையை நறுக்கி அரத்தால் ராவிவிடுங்கள். முதலில் மூன்று புள்ளிக் கோலம் ஒன்றை இப்படிச் செய்து அம்மாவிடம் காட்டுங்கள். கோட்டின் தடிமனை அவரே சொல்லட்டும், பெரியதை அதற்கப்புறம் தொடங்கலாம்.