600 கெஜத்துக்கு எளிய ரெட்டிக்கிளா, மர வடிவ ரெட்டிக்கிளா?

டெக்சாஸில் சான் அந்தோனியோவுக்கு அருகே, திறந்தவெளித் தளத்தில் நீண்டதூரச் சுடுதல் பழகிவருகிறேன். புது ஸ்கோப்புக்கு ரெட்டிக்கிள் (உள்ளே தெரியும் குறிக்கோடுகள்) தேர்வு செய்வதில்தான் சிக்கிக்கொண்டேன்.

துப்பாக்கி டிக்கா டி3எக்ஸ், 6.5 கிரீட்மோர், 140 கிரெய்ன் தோட்டா. இலக்கு 600 கெஜத்தில் எஃகுத் தகடு. இப்போதுள்ள ஸ்கோப் 4-12 மடங்கு, இரண்டாம் குவியத் தளம், அதாவது மடங்கை மாற்றினாலும் கோடுகள் அதே அளவில்தான் தெரியும். அதன் மில் (கோண அளவு) கோடுகள் 12 மடங்கில் மட்டுமே சரி. வெயில் ஏறியதும் கானலில் தகடு நெளிகிறது. தெளிவுக்காக 8 மடங்குக்கு இறக்கினால் 2 மில் கோடு 3 மில்லாகிவிடுகிறது. காற்றைக் கவனித்துக்கொண்டே இந்தக் கணக்கைப் போட முடியவில்லை.

மேல் திருகையும் பக்கத் திருகையும் சுழற்றிப் பார்த்தேன். உயரத்துக்கு அருமை, காற்றோ திருகி முடிப்பதற்குள் மாறிவிடுகிறது. நண்பரின் முதல் குவியத் தள ஸ்கோப்பில் கிறிஸ்துமஸ் மர ரெட்டிக்கிளையும் (நடுவுக்குக் கீழே மரம்போல் விரியும் புள்ளிகள்) பார்த்தேன். எந்த மடங்கிலும் மில் கணக்கு மாறவில்லை, மிகப் பிடித்தது. ஆனால் தகட்டுக்குக் கீழே மண் தெறிப்பதை அந்தப் புள்ளிகள் மறைக்கின்றன. தோட்டா விழுந்த இடம் தெரியாமல் எப்படித் திருத்துவது? குறைந்த மடங்கில் கோடுகள் காய்ந்த புல்லோடு கலந்தும்விடுகின்றன.

எம்.ஓ.ஏ. என்ற இன்னொரு கோண அளவு வேண்டாம், இங்கே உடன் நின்று பார்ப்பவர்கள் மில்லில்தான் திருத்தம் சொல்கிறார்கள்.

உயரத்தைத் திருகிவிட்டுக் காற்றுக்கு மட்டும் கோட்டைக்கொண்டு குறியைத் தள்ளிப் பிடிக்கும் புதியவருக்கு, 0.2 மில் கோடுகளுள்ள எளிய ரெட்டிக்கிள் போதுமா, மர ரெட்டிக்கிள்தான் வேண்டுமா?