கச்சான் காத்துக்குள்ள சைக்கிள் பஸ் பக்கம் இழுக்குது, முன் சில்லப் பிடிக்கிற ஃபோர்க் பிழையா? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ

உப்புவெளிக்காரன்:
வணக்கம் எல்லாருக்கும். அடுத்த மாசம் திருமலையில இருந்து மட்டக்களப்புக்கு சைக்கிள்ல போற பிளான், அதுக்கு ஒத்திகையா போன ஞாயிறு வெருகல் வரைக்கும் போய் அண்டைக்கே திரும்பினனான். விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டது, சீனக்குடா தாண்டும் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. கிண்ணியாப் பாலத்தில ஏறின உடன வலப்பக்கத்தால காத்து அடிக்கத் தொடங்கிச்சு, மூதூர் தாண்டி வெளியான இடத்துக்கு வந்தா சைக்கிள் இடப்பக்கம் மணலுக்குள்ள போகப் பாக்குது, நானும் ஹேண்டில இறுக்கிப் பிடிச்சு ஓடிக்கொண்டிருக்கேக்க ஒரு பஸ் முந்திச்சு பாருங்கோ, அந்த நிமிசம் சைக்கிள் சடாரெண்டு வலப்பக்கம், பஸ்ஸின்ட பக்கமே இழுத்திட்டு. ஒரு முழம் இடைவெளிதான் இருந்திருக்கும். அதுக்குப் பிறகு எந்தப் பஸ் சத்தம் கேட்டாலும் கை நடுங்குது. ஒரு கடையில காட்ட ஃபோர்க் வளைஞ்சிருக்கு, முழுசா மாத்தோணும் எண்டுட்டாங்க. மாத்தத்தான் வேணுமா? பேக் ரெண்டும் பின் கரியர்ல, மேல கூடாரம் கட்டியிருந்தனான்.

கிண்ணியா நானா:
தம்பி காச குடுக்க முந்தி ஒண்டு சொல்லுங்க. திரும்பி வரேக்க எந்தப் பக்கம் இழுத்திச்சு?

உப்புவெளிக்காரன்:
வரேக்க நடு ரோட்டுப் பக்கம், அதாவது வலப்பக்கம் தள்ளிக்கொண்டே வந்துது நானா. ஆனா பஸ் முந்தேக்க அந்தச் சடார் இழுப்பு இல்ல.

கிண்ணியா நானா:
அப்ப ஃபோர்க் இல்ல. ஃபோர்க் வளைஞ்சிருந்தா போகேக்கயும் வரேக்கயும் ஒரே பக்கம்தான் இழுக்கும், உங்களுக்குப் போகேக்க இடம், வரேக்க வலம். ரெண்டும் கடல் பக்கம் தம்பி. தரையில இருந்து கடலுக்கு அடிக்கிற கச்சான்ட வேலை அது. தென்மேற்குப் பருவக்காத்து மலைநாட்டுக்கு அந்தப் பக்கம் மழையக் கொட்டிட்டு இந்தப் பக்கம் காஞ்சு சூடா இறங்கிறது, வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும் நமக்கு இதுதான்.
பஸ் விசயம் கவனமாக் கேளுங்க. வலப்பக்கத்தால காத்துத் தள்ள, விழாம இருக்க நீங்க தெரியாமலே வலப்பக்கம் சரிஞ்சுதான் ஓடுவீங்க. பஸ் வந்து காத்த மறைச்ச உடன தள்ளுற கை இல்லாமப் போகுது, சரிவு மட்டும் அப்படியே நிக்குது, அதுதான் பஸ் பக்கம் போறது. பஸ் கடந்த உடன காத்து திரும்ப அறையும், இப்ப மணலுக்குள்ள. கிண்ணியாப் பாலம் கட்ட முந்தி இந்த இடத்தப் பாதையில, அதாவது வாகனம் ஏத்துற மிதவையில, கடந்த ஆள் நான், 2009ல திறந்தாங்க, 396 மீற்றர், அதில காத்துக்கு ஒரு மறைப்பும் இல்ல. கடுமையா அடிச்சா இறங்கி உருட்டிக்கொண்டு போங்க, அதில ஒரு குறையும் இல்ல.

மட்டுநகர் அக்கா:
நானா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தம்பி, கையை இறுக்கிப் பிடிச்சதுதான் கூடின பிழை, உடம்பில படுற காத்து முழுக்க ஹேண்டிலுக்குப் போயிடும். முழங்கைய மடக்கி, குனிஞ்சு, தளர்வாப் பிடியுங்கோ. ரோட்டின்ட ஓரக் கோட்டிலயே ஓடாதீங்கோ, இடப்பக்கம் ஒரு ரெண்டு மூண்டு அடி விட்டு ஓடினாத்தான் காத்து தள்ளினாலும் தார்லயே நிப்பீங்கள். வலப்பக்க ஹேண்டில்ல ஒரு கண்ணாடி பூட்டுங்கோ, பெரிய வாகனம் வாறது தெரிஞ்ச உடன வேகத்தக் குறையுங்கோ. பாரம் முழுக்கப் பின்னால, அதுவும் உயரத்தில இருந்தா முன் சில்லு லேசாகி ஆடும். கூடாரத்த ஹேண்டிலுக்கு மாத்துங்கோ, தண்ணிப் போத்தல் எல்லாம் கீழ ஃபிரேம்ல.
தண்ணியும் கனக்கக் கொண்டு போங்கோ, கச்சானுக்க வேர்வை உடனே காஞ்சிடும், வேர்க்கேல்ல எண்டு நினைச்சுக் குடிக்காம விட்டு வாகரையில நான் தலை சுத்தி விழுந்தனான்.

உப்புவெளிக்காரன்:
ரெண்டு பேருக்கும் எப்பிடி நன்றி சொல்றதெண்டு தெரியேல்ல. ஃபோர்க் மாத்தேல்ல. நேற்று நாலரைக்கே லைட் போட்டு வெளிக்கிட்டு, கூடாரத்த முன்னால கட்டி மூதூர் வரைக்கும் போய் வந்தனான். விடிய காத்து குறைவு, ஏழு மணிக்குப் பிறகுதான் பிடிச்சுது. மூண்டு பஸ், ஒரு லொறி முந்திச்சு. ஒவ்வொண்டுக்கும் வேகத்தக் குறைச்சு கையத் தளர்த்திப் பிடிக்க லேசா ஒரு அசைவுதான், பயம் பாதி போயிட்டு. இப்ப செயின் மட்டும் கறகறக்குது, மணல் போல.

கிண்ணியா நானா:
அல்ஹம்துலில்லாஹ். செயினுக்கு இஞ்சின் ஒயில் போட்டிருப்பீங்க, அது மணலப் பிடிச்சு வச்சிருக்கும். நல்ல தண்ணியால கழுவி, துணியால துடைச்சு, நல்லாக் காய விட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு. மேல வழியிறதத் துடைச்சு விடுங்க. கடக்கரையால வந்த ஒவ்வொரு நாளும் பின்னேரம் இதச் செய்யோணும், இல்லாட்டி உப்பு செயினக் கறள் பிடிக்க வச்சிடும். மட்டக்களப்புக்கு வெளிக்கிடுற அண்டைக்குச் சொல்லுங்க, பாலத்தடியில நிக்கிறன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.