புதுப்பிப்பு: அன்மாடிஃபையபிள் லிஸ்ட் தானாக மாறிய சிக்கல் தீர்ந்தது (ஜாவா)

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் நிறுத்தங்களின் லிஸ்ட்டை 'கலெக்‌ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்லிஸ்ட்' போட்டு, வாங்குபவர் மாற்ற முடியாதபடி வெளியே கொடுத்தும், திரையில் நுங்கம்பாக்கத்துக்கு அடுத்து நேராக மாம்பலம் வருகிறது, கோடம்பாக்கத்தைக் காணோம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேலை செய்தது, மாற்ற முடியாத நகல் எடுத்துத் தரும் 'லிஸ்ட்.காப்பிஆஃப்' யோசனைதான். அன்மாடிஃபையபிள்லிஸ்ட் நகல் எடுப்பதில்லை. பழைய அரேலிஸ்ட்டையே (மாற்றக்கூடிய மூல லிஸ்ட்) கண்ணாடி வழியாகக் காட்டுகிறது. விரைவு ரயிலுக்கான மெத்தட் ஒன்று அந்த மூல லிஸ்ட்டில் ரிமூவ் போட்டு நிறுத்தங்களை நீக்கிக்கொண்டிருந்தது. பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் பணிகள்) மோதாமல் காக்கும் சிங்க்ரனைஸ்டு லிஸ்ட் யோசனை உதவவில்லை. இது த்ரெட் பிரச்சினையே இல்லை.

எதிர்பாராத ஒன்று: மாற்றியதும் நல்பாயின்டர் எக்ஸெப்ஷன் என்ற பிழை. காப்பிஆஃப் உள்ளே நல் (வெற்று மதிப்பு) இருந்தால் ஏற்காது. சரி, அதை வடிகட்டினால் அப்புறம் 'கன்டெய்ன்ஸ்(நல்)' என்று கேட்ட இடத்திலும் அதே எக்ஸெப்ஷன்! இதைத் தேடுவதற்குள்தான் உயிர் போனது.

காப்பிஆஃப் ஜாவா 10 முதல்தான் உண்டு. ஜாவா 8-இல் இருப்பவர்கள் 'நியூ அரேலிஸ்ட்' என்று நகலெடுத்து, அதன்மேல் அன்மாடிஃபையபிள்லிஸ்ட் போடலாம். எப்படிச் செய்தாலும் லிஸ்ட்டுக்குள் இருக்கும் ஆப்ஜெக்ட்டில் செட்டர் (மதிப்பை மாற்றும் மெத்தட்) இருந்தால் பெயரை மாற்ற முடியும். அதனால் நிறுத்தம் கிளாஸை, செட்டர் இல்லாத ரெக்கார்டாக மாற்றிவிட்டேன்.