சோடியம் எலக்ட்ரானைத் தானாக விடுகிறதா?

பிளஸ் ஒன் மாணவி:
வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் நிலைத்தன்மை, அதற்காகச் சோடியம் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது என்று படித்தோம். ஆனால் அதைப் பிரிக்க மோலுக்கு 496 கிலோஜூல் வேண்டும் என்கிறது அட்டவணை. தானாக விடுவதென்றால் இவ்வளவு ஆற்றல் எதற்கு? எட்டு எலக்ட்ரானில் அப்படி என்ன இருக்கிறது?

வேதியியல் ஆசிரியர்:
சரியான இடத்தில் பிடித்திருக்கிறாய் அம்மா. தனியாக இருக்கும் சோடியம் அணு எலக்ட்ரானை விடவே விடாது. குளோரின் அதை வாங்கிக்கொண்டாலும் 349 கிலோஜூல்தான் திரும்பக் கிடைக்கும், 147 நஷ்டம். உலோகத்திலிருந்து சோடியம் அணுவைப் பிரிக்க 107, குளோரின் மூலக்கூறை உடைத்து ஓர் அணு எடுக்க 121. ஆக 375 கடன்.

கடனை அடைப்பது படிகம். எலக்ட்ரானை இழந்த ஒரு சோடியம் அயனியைச் சுற்றி எலக்ட்ரானை வாங்கிய குளோரின் அயனிகளான ஆறு குளோரைடு, ஒரு குளோரைடைச் சுற்றி ஆறு சோடியம் என்று அடுக்கடுக்காக அமையும்போது 787 வெளியே வருகிறது. கடன் போக மிச்சம் ஏறத்தாழ 410. எரியும் சோடியத்தைக் குளோரின் ஜாடிக்குள் இறக்கினால் மஞ்சளாகச் சுடர்விடும், வெண்புகை எழுந்து கண்ணாடியில் உப்பாகப் படியும். அந்த வெளிச்சமும் சூடும்தான் இந்த 410. சுற்றிலும் பரவிப்போன வெப்பம் மறுபடி ஒன்றுகூடி வந்து உப்பைப் பிரிக்காது. அணுவுக்கு ஆசை என்று எதுவும் கிடையாது.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்:
சார், இரண்டு எலக்ட்ரானை விட்டால் படிகத்தில் இன்னும் அதிகம் கிடைக்குமே?

வேதியியல் ஆசிரியர்:
கிடைக்கும், ஆனால் கட்டுப்படியாகாது. சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரான் உள்கூட்டிலிருந்து வர வேண்டும், அதற்கு 4562. மக்னீசியத்துக்கு இரண்டாவதற்கு 1451தான், அதனால் அது இரண்டையும் விடுகிறது. எட்டு நிறைந்த கூட்டில் கைவைத்தால் செலவு எகிறிவிடும், அவ்வளவுதான்.

ஆராய்ச்சி மாணவர்:
எட்டு நிறைந்தாலும் வழி முழுக்க அடைபடுவதில்லை. பிளாட்டினம் ஹெக்சாபுளூரைடு என்ற சேர்மம் ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதை வேதியியலாளர் நீல் பார்ட்லெட் கண்டார். எட்டு நிறைந்த செனான் வாயுவின் அயனியாக்கும் ஆற்றலும், அதாவது ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க வேண்டிய ஆற்றலும், ஏறக்குறைய ஆக்சிஜன் மூலக்கூறுடையதேதான். 1962-ல் வான்கூவரில் செனானையும் அந்தச் சேர்மத்தையும் கலந்தார். ஆரஞ்சு மஞ்சளில் ஒரு திண்மம் வந்துவிட்டது! எனக்கு வேதியியலில் பித்துப் பிடித்தது இதைப் படித்துத்தான்.

பிளஸ் ஒன் மாணவி:
சார், மக்னீசியம் ஆக்சைடுக்கும் இதே கணக்கைப் போடலாமா?

வேதியியல் ஆசிரியர்:
தாராளமாக. ஆக்சிஜன் முதல் எலக்ட்ரானை வாங்கும்போது ஆற்றல் தரும், இரண்டாவதை வாங்க ஆற்றல் கேட்கும். அங்கே குறியை மாற்றிப் போட்டுவிடாதே.