கிளாம்ஷெல் பயிற்சியைக் கைவிடலாமா? குளூட்டியஸ் மீடியஸ் தசையும் ஈ.எம்.ஜி. எண்களும்

தேனிக்காரன்:
வணக்கம். இடுப்பு மூட்டின் பக்கவாட்டில் வலி என்று வரும் எவருக்கும் எங்கள் பகுதியில் முதல் நாளே எழுதிக் கொடுக்கப்படுவது கிளாம்ஷெல் பயிற்சிதான்: ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, குதிகால்களைப் பிரிக்காமல் மேல் முழங்காலை மட்டும் சிப்பி திறப்பதுபோல் விரிப்பது. இரண்டு மாதம் கழித்து வந்தாலும் அவர் கையில் அதே தாள்தான் இருக்கிறது. இதைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

2009-இல் டிஸ்டெஃபானோ குழுவினர் ஆரோக்கியமான 21 பேரின் தோல்மேல் மின்முனைகளை ஒட்டி, பல பயிற்சிகளின்போது பிட்டத்தின் பக்கவாட்டில் இருந்து காலை வெளிப்புறம் தூக்கும் குளூட்டியஸ் மீடியஸ் தசையின் மின் செயல்பாட்டை (ஈ.எம்.ஜி.) அளந்தார்கள். அசையாமல் முழு வலுவோடு தள்ளும்போது கிடைக்கும் அளவை 100 என்று கொண்டால், ஒருக்களித்துப் படுத்து நீட்டிய காலைத் தூக்கும்போது 81, ஒற்றைக்காலில் குந்தும்போது 64, ரப்பர் பட்டை கட்டிப் பக்கவாட்டில் நடக்கும்போது 61 என்று பதிவாயிற்று. கிளாம்ஷெல்லில் 40-ஐ ஒட்டியே நின்றது. தசையை வலுப்படுத்த 40 முதல் 60 விழுக்காடாவது வேண்டும் என்று நம் துறையில் பொதுவாகக் கொள்ளப்படும்போது, அந்த வாசற்படியிலேயே நிற்கும் பயிற்சியை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

நடைச்சுவடு:
எண்களைச் சரியாகத்தான் சொல்கிறீர்கள் ஐயா. ஆனால் கேள்வியை மாற்றினால் வரிசையும் மாறிவிடுகிறது. 2013-இல் செல்கோவிட்ஸ், பெனெக், பவர்ஸ் மூவரும் 20 பேரிடம் தோல்மேல் ஒட்டும் மின்முனைகளை விட்டுவிட்டு, தசைக்குள்ளேயே நுண்கம்பிகளைச் செலுத்தி அளந்தார்கள். இடுப்பின் முன்பக்கவாட்டில் உள்ள டென்சர் ஃபேசியா லேட்டா தசையை அதிகம் எழுப்பாமல் பிட்டத் தசைகளை இயக்கும் பயிற்சி எது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அந்த ஒப்பீட்டுக் குறியீட்டில் 115 பெற்று முதலிடத்தில் நின்றது நீங்கள் கைவிடச் சொல்லும் கிளாம்ஷெல்தான்.

டென்சர் தசை தொடையை உட்புறமாகத் திருப்பும். தொடையின் வெளிப்புறமாக முழங்காலுக்குக் கீழ்வரை ஓடும் இலியோடிபியல் பட்டையையும் இழுக்கும். முழங்கால் உள்நோக்கிச் சரிவதால் முட்டி வலியோடு வருபவருக்கு அந்தத் தசையை மேலும் ஊக்குவிப்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதாகும்.

தேனிக்காரன்:
அந்தக் குறியீடு விகிதத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதை மறக்கக் கூடாது. ஐந்து ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் உள்ள விகிதம், ஐம்பதுக்கும் நாற்பதுக்கும் உள்ள விகிதத்தைவிடப் பெரிதுதான். அதற்காக ஐந்து ரூபாய் வைத்திருப்பவரைச் செல்வர் என்று யாரும் சொல்வதில்லை. டென்சர் தசை உறங்குகிறது என்பதாலேயே மீடியஸ் வலுப்பெற்றுவிடாது.

அளவுகோல்:
நான் சிகிச்சையாளன் அல்லன்; உடல் இயக்கவியல் படித்தவன். இருவருமே மின் சமிக்ஞையை விசையாக எடுத்துக்கொள்வதுபோல் தோன்றுவதால் இடையில் நுழைகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக்காலில் நிற்கும்போது, ஊன்றிய காலின் எடை போக ஏறத்தாழ 50 கிலோவை அந்த இடுப்பு மூட்டு தாங்குகிறது. அந்த எடை மூட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. உள்ளே தள்ளி இறங்குகிறது. அதை எதிர்த்து இழுக்கும் பக்கவாட்டுத் தசைகளுக்கோ சுமார் 5 செ.மீ. நெம்புகோல்தான் உண்டு. ஆகவே அவை 100 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். மூட்டின்மேல் மொத்தம் 150 கிலோ, அதாவது உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு அமர்கிறது. பெர்லினில் பெர்க்மான் குழுவினர் உணர்கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளில் நடையின்போது நேரடியாக அளந்து 2001-இல் வெளியிட்ட சராசரியும் உடல் எடையில் 238 விழுக்காடு என்று இதற்கு அருகில்தான் இருக்கிறது.

இப்போது அதே நபரை ஒருக்களித்துப் படுக்க வைப்போம். நீட்டிய கால் சுமார் 10 கிலோ. அதன் எடை மையம் மூட்டிலிருந்து 37 செ.மீ. தள்ளி இருப்பதாகக் கொண்டால், நிற்கும்போது விழும் சுமையில் ஏறத்தாழ முக்கால் பங்கு விழுகிறது. கிளாம்ஷெல்லில் முழங்கால் மடங்கியிருக்கிறது, பாதம் மற்றொரு பாதத்தின்மேல் தங்கியிருக்கிறது. சுமையும் குறைவு, நெம்புகோலும் குட்டை. 81-க்கும் 40-க்கும் உள்ள இடைவெளியில் பெரும்பகுதிக்கு இதுவே காரணமாக இருக்கும். தசையின் தனிக்குணம் எதையும் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். ஈ.எம்.ஜி. வீச்சு, அந்த நேரத்தில் தசை எவ்வளவு மின் கிளர்ச்சி பெறுகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. தசை களைத்துப்போனால் தூக்கும் எடை மாறாமலேயே வீச்சு ஏறும். தோல் நகர்ந்தாலும், பக்கத்துத் தசையின் மின் சமிக்ஞை கலந்தாலும் எண் மாறும். எடையைக் குறைத்துக் களைக்கும்வரை செய்தால், வீச்சு குறைவாக இருந்தும் தசை வளர்வதைக் காண்கிறோம். மேலும், நூறு என்று வைக்கும் அந்த முழு வலுவை வலியுள்ளவரால் காட்டவே முடியாது. வகுக்கும் எண் சுருங்கினால் விழுக்காடு தானாக ஏறும். நீங்கள் இருவரும் காட்டிய ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் வலியில்லாதவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வலதுகால்:
பெரியவர்கள் பேசும் இடத்தில் நோயாளி நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குச் செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தியபோது, பக்கவாட்டிலிருந்து திறந்து அந்தத் தசையின் ஒரு பகுதியைப் பிரித்துத் திரும்பத் தைத்ததாகச் சொன்னார்கள். படுத்துக்கொண்டு காலைத் தூக்கவே கூடாது என்று ஆறு வாரங்கள் தடுத்திருந்தார்கள். தேனிக்காரன் ஐயா கொடுத்த பட்டியலில் முதலில் நிற்பது அதுதானே?

நடைச்சுவடு:
சரியான இடத்தைத் தொட்டீர்கள் அம்மா. தைத்த தசை ஒட்டும்வரை 81 என்ற எண்தான் ஆபத்து. அதிகச் செயல்பாடு என்பது எப்போதும் நல்ல செயல்பாடு ஆகிவிடாது.

பக்கவாட்டு இடுப்பு வலிக்கு வருவோம். (நம் ஊரில் ‘இடுப்பு வலி’ என்றால் பாதிப் பேர் கீழ்முதுகைத்தான் காட்டுவார்கள்; கையை வைத்துக் காட்டச் சொன்ன பிறகே நான் பயிற்சியைப் பற்றி யோசிப்பேன்.) ஆஸ்திரேலியாவில் 204 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான லீப் ஆய்வில், எட்டு வாரங்கள் அறிவுரையும் பயிற்சியும் பெற்றவர்களில் 77 விழுக்காட்டினர் நல்ல முன்னேற்றம் கண்டார்கள், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58, பொறுத்திருந்து பார்த்தவர்களில் 29. பயிற்சிக்கு இணையாக அங்கே அறிவுரைக்கும் இடம் இருந்தது: கால்மேல் கால் போட்டு அமராதீர்கள், ஒரு பக்க இடுப்பில் தொங்கி நிற்காதீர்கள். தொடை நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே போனால் தசைநாண் எலும்போடு நசுங்குகிறது என்பதே காரணம். எந்த மின்முனையும் இதைக் காட்டாது.

தேனிக்காரன்:
அறுவை சிகிச்சை ஆனவர்களைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன்; என் முதல் பதிவில் அந்த விலக்கைச் சொல்லாதது என் பிழை. ஆனால் லீப் ஆய்வு எனக்கும் சாட்சி சொல்கிறது. அதில் பயிற்சிகள் படிப்படியாகக் கடினமாக்கப்பட்டன, எடை தாங்கி நின்று செய்பவை முக்கிய இடம் பெற்றன. தசைநாண் நசுங்குவதுதான் உங்கள் கவலை என்றால், கிளாம்ஷெல்லின் தொடக்க நிலையைப் பாருங்கள்: மேல் தொடை கீழ் முழங்கால்மேல் சரிந்து, நடுக்கோட்டைத் தாண்டியல்லவா கிடக்கிறது?

நடைச்சுவடு:
அது உண்மைதான், அதனால்தான் முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை வைக்கிறேன். நிற்க வைக்கும் பயிற்சியிலும் ஓட்டை இருக்கிறது. வலுவில்லாதவர் உடலை ஊன்றிய கால் பக்கம் சாய்த்துவிடுவார்; அளவுகோல் சொன்ன 10 செ.மீ. ஐந்தாகக் குறையும், தசை தப்பித்துக்கொள்ளும். ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க் 1895-இல் விவரித்த, தூக்கிய கால் பக்கம் இடுப்பு கீழே இறங்கும் சரிவை மறைக்க உடல் கண்டுபிடித்த தந்திரம் இது. நிமிர்ந்து நின்று இடுப்பெலும்பை மட்டமாகப் பத்து விநாடி பிடிக்க முடியாதவரை ஒற்றைக்காலில் குந்தச் சொன்னால், அவர் பழகுவது அந்தச் சாய்வைத்தான். பிடிக்க முடிந்த நாளில் கிளாம்ஷெல்லை நானே நிறுத்திவிடுவேன். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில்.

தேனிக்காரன்:
இரண்டு மூன்று வாரங்கள் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீட்டிய காலைத் தூக்குவதை நீங்கள் ஒதுக்குவதை இன்னும் ஏற்கவில்லை. தூக்கும்போது நோயாளியின் உடல் பின்பக்கம் உருண்டு, கால் முன்னே வருவதால்தான் டென்சர் தசை வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது. முதுகைச் சுவரோடு ஒட்டிப் படுக்க வைத்து, குதிகாலால் சுவரைத் தடவியபடியே தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

நடைச்சுவடு:
சுவரை வைத்துச் செய்ததில்லை. கையால்தான் இடுப்பெலும்பைப் பிடித்திருக்கிறேன். நாளை ஒருவர் வருகிறார், அவரிடம் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.