கல் அச்சில் கறுப்பு மட்டும் விலகுகிறது, உதவுங்கள்

லோனாவாலா அருகே மளவ்லியில், ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் ரவிவர்மா அச்சகத்தை நடத்திய காலத்து முறைப்படி, நிறத்துக்கு ஒரு கல் வைத்து லட்சுமி படம் அச்சிடுகிறோம். நாங்கள் அச்சிடும் இடம் சென்னை. மழை தொடங்கியதிலிருந்து சிக்கல்.

மஞ்சள், சிவப்பு, நீலம் பொருந்துகின்றன. கடைசியாகக் கறுப்பு ஏறும்போது தாளின் தலைப்பக்கம் சரி. வால்பக்கம் 1 மி.மீ. தள்ளிப்போகிறது. தாமரை இதழின் கோடு சிவப்பை விட்டு வெளியே நிற்கிறது.

கையால் சுற்றும் பொறி, 3 அங்குலக் கனத்தில் பவேரியச் சுண்ணாம்புக்கல், 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) பருத்தித் தாள்.

நிறங்களைப் பொருத்த உதவும் ஊசிக் குறிகளைப் புதிதாகப் போட்டோம். தாளை நனைக்காமல் அடித்தோம். மை பூசாத கல்லில் முன்கூட்டியே ஓட்டித் தாளை நீட்டியதில் விலகல் பாதி குறைந்தது. நனைத்த ஒவ்வொரு கல்லிலும் தாள் ஈரம் குடித்து நீள்கிறது என்றே நினைக்கிறேன்.

மழைக்காலத்தில், கடைசி நிறம் வரை தாள் நீளாமல் இருக்க அதை எப்படிப் பதப்படுத்தி வைப்பது?