பவுண்டில் அறிவித்த பிரிட்டன் மாணவர் விசா கட்டணத்தை இணையதளம் டாலரில் கேட்கிறது. பணம் பிடித்த குறுஞ்செய்தி வந்தது, ரசீது வரவில்லை. மறுபடி கட்டலாமா?

உறையூர் ஆசிரியர் | 12 ஜூலை 2025, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். என் மகள் வரும் செப்டம்பரில் இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலைப் படிப்பில் சேர இருக்கிறாள். பல்கலைக்கழகத்திலிருந்து சிஏஎஸ் எண் (இடம் உறுதி என்று விசாவுக்காகத் தரும் எண்) வந்துவிட்டதால், இன்று மாலை இருவருமாக உட்கார்ந்து மாணவர் விசா விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பினோம். விசா கட்டணம் 524 பவுண்டு, ஐ.எச்.எஸ். எனப்படும் மருத்துவக் கூடுதல் கட்டணம் 1,164 பவுண்டு, ஆக மொத்தம் 1,688 பவுண்டு என்று முன்பே கணக்குப் போட்டு, விலை ஏறுவதற்குள் வாங்கிவிடலாம் என்று மூன்று வாரங்களுக்கு முன்னரே ஒரு ஃபாரெக்ஸ் கார்டில் 1,750 பவுண்டு ஏற்றி வைத்திருந்தேன்.

பணம் கட்டும் பக்கம் திறந்தபோது அதில் பவுண்டே இல்லை. எல்லாம் அமெரிக்க டாலர். நான் பவுண்டை நேராக ரூபாயாக்கிப் பார்த்த தொகையை விட அது பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகவும் இருந்தது. ஃபாரெக்ஸ் கார்டு மறுக்கப்பட்டது. என் டெபிட் கார்டும் மறுக்கப்பட்டது. கடைசியாக என் மனைவியின் கிரெடிட் கார்டைப் போட்டோம், ஓ.டி.பி. கொடுத்ததும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, பணம் செலுத்துதல் முடியவில்லை என்று பக்கம் சொல்லிவிட்டது. ஆனால் ஐ.எச்.எஸ். தொகை முழுவதும் பிடிக்கப்பட்டதாக அடுத்த நொடியே வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது.

இப்போது மறுபடி கட்டலாமா, அல்லது காத்திருக்க வேண்டுமா? பவுண்டு கட்டணத்தை ஏன் டாலரில் வசூலிக்கிறார்கள்? தாமதித்தால் கட்டணம் ஏறிவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது.

ஈஸ்ட்ஹாம் வாசி | 12 ஜூலை, இரவு 11.25

ஐயா, இங்கே லண்டனில் உறவினர் யாராவது இருந்தால் அவர்களுடைய பிரிட்டிஷ் கார்டில் கட்டச் சொல்லுங்கள். பவுண்டிலேயே முடிந்துவிடும், மாற்றுச் செலவும் மிச்சம்.

பழைய வங்கிக்காரர், கோவை | 13 ஜூலை, காலை 6.50

மேலே சொன்ன யோசனை நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் பலிக்காது. எந்த நாணயத்தில் கட்ட வேண்டும் என்பது கார்டு எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது அல்ல. விண்ணப்பம் எந்த நாட்டிலிருந்து போகிறது என்பதைப் பொறுத்தது. இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தால் டாலர்தான் காட்டும். லண்டன் உறவினர் கட்டினாலும் அவருடைய வங்கி பவுண்டைத் திரும்ப டாலராக்கி, அதற்கான கட்டணத்தை அவரிடம் வாங்கிக்கொள்ளும்.

ஆசிரியர் ஐயாவின் கணக்குத் தவறு அல்ல; இடையில் இரண்டு மாற்றங்கள் இருப்பதைத்தான் அவர் கவனிக்கவில்லை. பவுண்டை டாலராக்குவது பிரிட்டன் உள்துறை. அது சந்தை விலையில் செய்வதில்லை. தனக்கென ஒரு மாற்று விகிதம் வைத்திருக்கிறது, அதை அவ்வப்போது திருத்துகிறது, அந்த விகிதம் நாம் இணையத்தில் பார்க்கும் விகிதத்தை விட நமக்குப் பாதகமாகவே இருக்கும். டாலரை ரூபாயாக்குவது கார்டு நிறுவனமும் உங்கள் வங்கியும். பெரும்பாலான கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டு நாணயத்துக்கு வங்கி வாங்கும் மார்க்கப் எனும் கூடுதல் கட்டணம் 3.5%, அந்த மார்க்கப்பின் மீது 18% ஜி.எஸ்.டி. இரண்டு லட்ச ரூபாய் பெறுமான டாலருக்கு மார்க்கப் 7,000, வரி 1,260, ஆக 8,260 ரூபாய் கட்டணத்தோடு சேர்ந்து போகிறது. மார்க்கப் 2% உள்ள கார்டும் உண்டு, அறவே இல்லாத கார்டும் உண்டு. ஆகவே அடுத்த தொகையைக் கட்டுவதற்கு முன் வீட்டில் உள்ள எல்லாக் கார்டுகளின் கட்டணப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள்.

கார்டுகள் ஏன் மறுக்கப்பட்டன என்பதற்கு வருகிறேன். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் இணையப் பயன்பாடும் மூடியே வரும். வங்கியின் செயலியில் நாமே திறந்து, வரம்பையும் நாமே வைக்க வேண்டும். உங்கள் டெபிட் கார்டு அதில் சிக்கியிருக்கும். ஃபாரெக்ஸ் கார்டிலும் முதலில் இணையப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தாலும் அதில் உள்ளது பவுண்டு, கேட்பது டாலர். சில கார்டுகள் தாமாகவே மாற்றி எடுத்து அதற்கெனத் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும், சில மறுத்துவிடும். மறுத்ததே நல்லது என்பேன். இல்லாவிட்டால் ரூபாய் பவுண்டாகி, பவுண்டு டாலராகி, நீங்கள் இரண்டு முறை மாற்றுச் செலவு கொடுத்திருப்பீர்கள்.

பிடிக்கப்பட்ட பணத்தைப் பொறுத்தவரை, குறுஞ்செய்தி வந்ததாலேயே பணம் அவர்கள் கைக்குப் போய்விட்டது என்று பொருளல்ல. கார்டுக் கணக்கில் அது ‘நிலுவை’ என்று இருந்தால் வங்கி ஒதுக்கி மட்டுமே வைத்திருக்கிறது. எதிர்ப்பக்கம் கேட்டுப் பெறாவிட்டால் சில நாட்களில் தானாக விடுபடும். ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: பதற்றத்தில் வங்கியை அழைத்து, இந்தப் பரிவர்த்தனையை நாங்கள் ஏற்கவில்லை என்று புகார் பதியாதீர்கள். பணம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்திருந்து, அதை வங்கி திரும்ப இழுத்துக்கொண்டால், ஐ.எச்.எஸ். கட்டாத விண்ணப்பமாக அது நின்றுபோகும்.

ஷெஃபீல்டில் படித்தவள் | 13 ஜூலை, காலை 9.15

ஐயா, தயவுசெய்து மறுபடி கட்டுவதற்கு முன் உங்கள் மகளின் மின்னஞ்சலை, குப்பை அஞ்சல் பெட்டி உட்பட, முழுமையாகத் தேடச் சொல்லுங்கள். ஐ.எச்.எஸ். ஒரு தனித் தளம். அங்கே பணம் சேர்ந்ததும் ஐ.எச்.எஸ். என்று தொடங்கும் ஓர் எண்ணை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு நம்மை விண்ணப்பத்துக்குத் திருப்பி அனுப்பும். அந்தத் திரும்பும் வழியில் இணைப்பு அறுந்தால் பக்கம் முடியவில்லை என்று சொல்லும், ஆனால் பணம் சேர்ந்திருக்கும். 2024 ஜூலையில் எனக்கு அப்படித்தான் ஆனது. நான் அவசரப்பட்டு இரண்டு முறை கட்டிவிட்டேன். இரண்டாவது தொகை முழுதாகத் திரும்பி வந்தது, அது அவர்களுடைய விதியே. ஆனால் திரும்பி வந்த நாளின் மாற்று விகிதத்தில் வந்ததால் நான் கட்டிய ரூபாய்க்கும் வந்த ரூபாய்க்கும் இடையே வித்தியாசம் இருந்தது, மார்க்கப்பும் வரியும் திரும்பவில்லை.

விசா மறுக்கப்பட்டாலும் ஐ.எச்.எஸ். திரும்பக் கிடைக்கும், விண்ணப்பக் கட்டணம் கிடைக்காது.

கட்டண உயர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாணவர் விசா 2023 அக்டோபர் 4 அன்று 363 பவுண்டிலிருந்து 490 ஆனது. நான் கட்டியது அந்த 490. இந்த 2025 ஏப்ரல் 9 முதல் 524. மாணவர்களுக்கான ஐ.எச்.எஸ். ஆண்டுக்கு 470 ஆக இருந்தது, 2024 பிப்ரவரி 6 முதல் 776. படிப்பு ஓராண்டுதான் என்றாலும் விசாவை முன்னால் ஒரு மாதமும் பின்னால் நான்கு மாதமும் சேர்த்துத் தருவதால் ஒன்றரை ஆண்டுக்குக் கணக்கிட்டு 776-உம் 388-உம் வாங்குகிறார்கள். நீங்கள் சொன்ன 1,164 சரிதான். கட்டிய நாளில் என்ன விலையோ அதுதான், பிறகு ஏறினால் உங்களைப் பாதிக்காது. இரண்டு மூன்று நாள் காத்திருப்பதில் டாலர் தொகை சற்றே ஏறலாம் அல்லது இறங்கலாம்; இரட்டைக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பழைய வங்கிக்காரர், கோவை | 13 ஜூலை, காலை 10.05

ஒரு கேள்வி கேட்க மறந்துவிட்டேன். அந்த 1,750 பவுண்டை எந்தக் கணக்கிலிருந்து எடுத்து ஏற்றினீர்கள்? விசாவுக்காக 28 நாள் இருப்புக் காட்டும் கணக்கிலிருந்தா? லண்டனுக்கு வெளியே படிப்பு என்றால் இந்த 2025 ஜூலை நிலவரப்படி வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,136 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,224 பவுண்டு, அதோடு கட்ட வேண்டிய மீதிக் கல்விக் கட்டணம், இரண்டும் சேர்ந்த தொகைக்குக் கீழே அந்த 28 நாட்களில் ஒரு நாள்கூட இருப்பு இறங்கக் கூடாது. அந்தக் கணக்கை அவர்கள் ஓவாண்டா என்ற நாணய மாற்றுத் தளத்தின் விண்ணப்ப நாள் விகிதத்தில் பார்ப்பார்கள். அதாவது கட்டணம் வாங்கும்போது ஒரு விகிதம், நம் இருப்பைப் பார்க்கும்போது வேறொரு விகிதம்.

கார்டில் ஏற்றியதும் கல்விக் கட்டணம் அனுப்பியதும் சேர்ந்து நிதியாண்டில் பத்து லட்சத்தைத் தாண்டினால் டி.சி.எஸ். எனும் வரியை வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த 2025-26 நிதியாண்டில் கல்விக்கு 5%, வங்கிக் கல்விக் கடன் என்றால் இல்லை. அது வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்யக் கூடியதே.

உறையூர் ஆசிரியர் | 16 ஜூலை, மாலை 5.30

அனைவருக்கும் நன்றி. மின்னஞ்சல் குப்பைப் பெட்டியில்தான் இருந்தது, சனிக்கிழமை இரவே வந்திருக்கிறது. வங்கிக்காரர் ஐயாவின் கேள்வியைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது, ஏனென்றால் பவுண்டு ஏற்றியது அதே கணக்கிலிருந்துதான். பாஸ்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு 28 நாட்களின் இருப்பையும் பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்த்தேன். மிகக் குறைந்த நாளிலும் தேவையான தொகைக்கு மேல் ஏறக்குறைய நாற்பதாயிரம் ரூபாய் இருந்தது. தப்பித்தோம்.

ஐ.எச்.எஸ். எண்ணோடு விண்ணப்பத்தைத் திறந்ததும் அது நேராக விசா கட்டணப் பக்கத்துக்குப் போனது. இந்த முறை என் தம்பியின் கார்டில் மார்க்கப் 2% என்று தெரிந்ததால் அதை வாங்கி, செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, வரம்பை உயர்த்திக் கட்டினோம். ஒரே முறையில் போய்விட்டது. மனைவியின் கார்டுக் கணக்கில் ஐ.எச்.எஸ். தொகைக்குக் கீழே மார்க்கப் ஒரு வரியாகவும் அதற்கான ஜி.எஸ்.டி. இன்னொரு வரியாகவும் இன்று வந்து நிற்கின்றன.

கைரேகைப் பதிவுக்குச் சென்னையில் வரும் செவ்வாய்க்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. ஃபாரெக்ஸ் கார்டில் உள்ள பவுண்டைத் திருப்பிக் கொடுத்து ரூபாயாக்கிவிடலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

பழைய வங்கிக்காரர், கோவை | 16 ஜூலை, மாலை 6.10

வேண்டாம் ஐயா, விற்றால் அவர்கள் வாங்கும் விலைக்குத்தான் போகும், அதிலும் நஷ்டம். இணையப் பயன்பாட்டை மட்டும் திறந்து மகளிடம் கொடுத்தனுப்புங்கள். அங்கே பேருந்துக்கும் மளிகைக்கும் பவுண்டில்தான் கேட்பார்கள்.